‘ஒன்றுமில்லை கோச்!’

2006 அக்டோபர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேப்பிள் வேலி என்ற ஊர். பள்ளிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில், எதிரணிப் பையனை மடக்கப் போன 13 வயது சாக்கரி லிஸ்டெட்டின் தலை தரையில் மோதியது. ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு புரண்டான். கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, இடைவேளைக்குப் பிறகு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மண்டையோட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துதான் உயிரைக் காப்பாற்றினார்கள். அவன் முதல் வார்த்தை பேச ஒன்பது மாதம் ஆயிற்று.

ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. இந்தக் குலுக்கலைத்தான் ‘கன்கஷன்’ என்கிறார்கள். நரம்பிழைகள் இழுபடும்போது செல்லுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குக் கொண்டுவர செல்லின் பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். அதற்குக் குளுக்கோஸ் எக்கச்சக்கமாகத் தேவை. பார்த்து அந்த நேரத்தில்தான் மூளைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. லோ வோல்டேஜில் வீட்டிலுள்ள எல்லா மோட்டாரையும் போட்ட கதைதான். அப்போது இன்னொரு அடி விழுந்தால் மூளை தாங்காது. சங்கடம் என்னவென்றால், இது சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. மயங்கி விழுபவர்களும் சொற்பமே.

2009-ல் சாக்கரி பெயரிலேயே வாஷிங்டன் சட்டம் கொண்டுவந்தது. பெற்றோரும் பிள்ளையும் ஆண்டுதோறும் தகவல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்; சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்; பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுதித் தந்தால்தான் திரும்ப இறக்கலாம். 2014-க்குள் 50 மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

படிவம் நிரம்பிவிடுகிறது, மைதானத்தில் நடப்பது வேறு. அதே வாஷிங்டனில் சட்டம் வந்தபின் உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் விசாரித்தார்கள். அறிகுறி இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதோடேயே ஆடியிருந்தார்கள். பத்துக்கு நான்கு பேர், கோச்சுக்கே தெரியாது என்றார்கள். பென்சில்வேனியாவில் விதியை மீறும் கோச்சுக்கு அந்த சீசன் முழுக்கத் தடை, மூன்றாம் முறை நிரந்தரத் தடை. நல்லதுதான். ஆனால் பையன் வாயே திறக்காதபோது யாரைத் தண்டிப்பது? வெற்றி தோல்வியில் அக்கறையில்லாத, காயம் பார்க்கத் தெரிந்த ஒருவர் எல்லைக்கோட்டருகே நிற்க வேண்டும். பல பள்ளிகளில் அப்படி ஒருவர் கிடையாது. அதற்குப் பணம் ஒதுக்காமல் சட்டத்தை மட்டும் இறுக்குவது வீண் என்பேன்.

இருந்தும் சட்டம் பலனளிக்காமல் இல்லை. அது வந்து சுமார் இரண்டரை ஆண்டு கழித்து, ஒருமுறை அடிபட்டவருக்கே மறுபடி நேரும் கன்கஷன் குறையத் தொடங்கியதாக 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

உங்கள் பிள்ளை தலையில் அடிபட்டு வந்து ‘ஒன்றுமில்லை’ என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சத்தில் கண்கூச்சம், கேட்டதையே திரும்பக் கேட்பது... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.