கார்முகிலும் ஒளிப்படமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஒருசேர வைத்து எண்ணியவர் பழந்தமிழர். முல்லை நிலத்துக்குக் கார்காலமும், குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர்காலமும் உரியன என்று தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோர் அவ்வூரின் மண்ணையும் மலையையும் கண்ட அளவில் அமைதியுறலாகாது. அம்மண்ணின்மேல் மழை பொழியும்போதும், அம்மலையின்மேல் முகில் கவியும்போதும் காணுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஒளிப்படக்கலை பயில்வோருள் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். வெயில் எறிக்கும் நாள்களிலேயே அவர்கள் படமெடுக்கப் புறப்படுகின்றனர். வானம் கறுத்தவுடன் காமிராவை உறையிலிட்டு வீடு திரும்புகின்றனர். அவர்தம் படங்களை ஒருங்கே பார்ப்பவர், 'இவ்வூரில் மழையே பெய்வதில்லையோ!' என்று ஐயுறுவர். மழையால் வாழும் ஊரை மழையின்றிக் காட்டுவது அவ்வூரின் பாதியை மறைப்பதேயாகும்.

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்துள்ள தொண்டாமுத்தூர் அவ்வாறு மழையால் வாழும் ஊர்களுள் ஒன்று. தென்னையும் கமுகும் வாழையும், மஞ்சளும் சின்ன வெங்காயமும், காய்கறிகள் பலவும் விளையும் வளமான வட்டாரம் அது. அதன் மேற்கே வெள்ளியங்கிரி மலை ஓங்கி நிற்கின்றது. அம்மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யலாறு பேரூர், கோயம்புத்தூர், திருப்பூர் ஆகிய ஊர்களைக் கடந்து சென்று காவிரியில் கலக்கின்றது. ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே விரைந்து வீசும். முகில்கள் கொணரும் நீரில் பெரும்பகுதியை மலைகளே வாங்கிக்கொள்வதால் கோயம்புத்தூர் நகரம் மழைமறைவில் அமைந்துவிடுகின்றது. ஆகவே, மலைமுகட்டில் மழை கொட்ட, அடிவாரத்துத் தோட்டங்களில் சாரல் தூவ, நகரத்து வீதிகளில் வெயில் காயும் நாள்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிலோ வடகிழக்குப் பருவமழை வந்து நிலத்தை நனைக்கும். இங்ஙனம் ஒரு நாளிலேயே பல கோலம் காட்டும் வானத்தின்கீழ் வாழும் மாணவர்க்கு ஒளிப்படக்கலையைப் பயில இதனினும் சிறந்த கல்விக்கூடம் வேறு வேண்டுவதில்லை.

மழைநாளில் ஒளி இல்லை என்று கருதுவது தவறு. ஒளி உண்டு, அதன் தன்மையே வேறு. வெயில் நாளில் ஒளி ஒரு திசையிலிருந்து வருகின்றது. அதனால் நிழல்கள் கூர்மையாக விழுகின்றன. வெயில் பட்ட இடம் மிக வெளுத்தும், நிழல் பட்ட இடம் மிகக் கறுத்தும் தோன்றுகின்றன. முகில் மூடிய நாளிலோ வானம் முழுவதும் ஒரே விளக்காகி, எல்லாத் திசைகளிலிருந்தும் மெல்லொளியைப் பொழிகின்றது. அவ்வொளியில் உழவர் முகத்தின் சுருக்கங்களும், கோயில் தூண்களில் செதுக்கிய சிற்பங்களின் நுட்பமும், வாழையிலையின் பச்சையும் தெளிவாகப் புலனாகும். மழை தூசியைக் கழுவிவிடுவதால் இலைகளின் நிறமும் மண்ணின் செம்மையும் ஆழ்ந்து தோன்றும். நனைந்த இலையின்மேல் வானத்தின் வெண்மை பளபளத்து நிறத்தை மறைக்குமாயின், தளவிளைவு வடிகண்ணாடியை வில்லையின்முன் பொருத்தித் திருப்பினால் அப்பளபளப்புக் குறையும்.

ஆயினும் அந்நாளின் ஒளி அளவிற் குறைந்தது. ஆதலின் ஷட்டர் சிறிது நேரம் கூடுதலாகத் திறந்திருத்தல் வேண்டும். அப்பொழுது கை நடுங்கினால் படம் கலங்கும். முக்காலியின்மேல் காமிராவை நிறுத்துவதோ, சுவர், மரம் முதலியவற்றின்மேல் உடலைச் சாய்த்துக்கொள்வதோ இக்குறையைத் தீர்க்கும். பலத்த காற்று வீசும்போது முக்காலியின் நடுவில் கற்கள் நிறைந்த பையைத் தொங்கவிட்டால் அது அசையாது நிற்கும். கைப்பேசியால் படமெடுப்போர்க்கும் இவ்விதி பொருந்தும்.

மழைத்தாரையைப் படத்தில் கொணர்தல் எளிதன்று. பெய்யும் மழையைப் பார்த்து எடுத்த படத்தில் மழையே காணப்படாமையைக் கண்டு பலர் வியப்புறுகின்றனர். வெண்மையான வானத்தைப் பின்புலமாகக் கொண்டதே அதற்குக் காரணம். இருண்ட கமுகந்தோப்போ, கருங்கல் மதிலோ பின்னே இருக்க, மழைக்கு அப்பாலிருந்து ஒளி வருமாயின் துளிகள் வெள்ளிக் கம்பிகள்போல் மின்னும். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் விரைவில் விழுகின்றது. ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருப்பின், அதற்குள் துளி 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். படத்தில் அது கோடாகத் தோன்றும். 1000இல் ஒரு பங்கு நேரமே திறந்திருப்பின், துளி இறங்கும் தொலைவு 9 மில்லிமீட்டரே ஆகும். படத்தில் அது ஏறக்குறையப் புள்ளியாக நிற்கும். மழையின் விரைவைக் காட்ட விரும்புவோர் முன்னதையும், துளியின் வடிவைக் காட்ட விரும்புவோர் பின்னதையும் கொள்வர். காமிராவின் மின்னொளி விளக்கை மழையில் பயன்படுத்தினால் அருகிலுள்ள துளிகளே வெண்பொட்டுகளாகப் படத்தை நிறைத்துவிடும். ஆதலின் அதனை அணைத்து வைத்தலே நன்று.

மூடுபனியைப் படமெடுக்கும் முறை வேறு. காமிராவினுள் இருக்கும் ஒளி அளவி, தான் காணும் காட்சி வெண்மையுமின்றிக் கருமையுமின்றி இடைநிறமாக இருக்கும் என்று கொண்டு கணக்கிடுகின்றது. அதனால் வெண்பனி சாம்பல் நிறமாகப் பதிந்துவிடுகின்றது. அளவி காட்டுவதினும் ஏறத்தாழ ஒரு மடங்கு மிகுதியாக ஒளியைப் புகவிட்டால் பனி பனியாகவே தோன்றும். கருமுகில் திரண்டு வரும் காட்சிக்கு இதற்கு மாறாக ஒளியைச் சற்றே குறைத்தல் வேண்டும். பனியில் அருகிலுள்ள மரம் கருத்தும், அதன் பின்னுள்ளது வெளிறியும், அதற்கும் அப்பாலுள்ளது மங்கியும் தோன்றுவதால் தொலைவின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புலப்படும். தென்னந்தோப்பு ஒன்று எத்துணை ஆழமுடையது என்பதை வெயில் காட்டுவதினும் பனி நன்றாகக் காட்டும்.

மழை விட்ட பின் வரும் சில நிமிடங்கள் மிக அரியவை. காற்றிலிருந்த தூசி கழுவப்பட்டுவிடுவதால் மலை அருகில் வந்துவிட்டதுபோல் தோன்றும். வானவில்லைப் படமெடுக்க விரும்புவோர் ஞாயிற்றுக்கு முதுகைக் காட்டி நிற்றல் வேண்டும். ஞாயிறு அடிவானத்திற்கு மேல் 42 பாகைக்கு உயர்ந்துவிட்டால் நிலத்தில் நிற்போர்க்கு வானவில் தோன்றாது. தொண்டாமுத்தூருக்கு மலை மேற்கில் உள்ளது. ஆகவே காலை வேளையில் கிழக்கு வெளுத்திருக்க, மேற்கில் மழை பொழியுமாயின், வெள்ளியங்கிரியின் கரும்பசுமையைப் பின்புலமாகக் கொண்டு வானவில் எழும். மாலையில் தோன்றும் வில்லோ கிழக்கே சமவெளியின்மேல் நிற்கும். இவ்விலக்கணம் அறிந்தவன் காத்து நிற்க வேண்டிய இடத்தையும் வேளையையும் முன்னரே அறிவான்.

முகிலைப் படத்தில் கொணர்வதற்கு முன்னோர் பட்டபாடு சிறிதன்று. சென்னைப் படையில் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1855ஆம் ஆண்டு பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் ஒளிப்படக்காரராகச் சென்றார். மோசமான வானிலையும் நோயும் அவரை வருத்தின. ஆயினும் அவர் எடுத்த படங்களுள் 120 தொகுதியாக வெளிவந்தன. பின்னர் 1858ஆம் ஆண்டில் அவர் மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களின் கோயில்களையும் படமெடுத்தார். அக்காலத்துப் படத்தாள் நீலநிற ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. ஆகவே டிரைப் தம் எதிர்படிவங்கள் சிலவற்றில் முகில்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அவர் தூரிகையால் அமைத்த முகிலை இன்று மாணவர் ஒருவர் கைப்பேசியாலேயே உள்ளது உள்ளபடி பதிவு செய்தல் கூடும். எளிதில் கிடைத்த பொருளின் அருமையை அறிதற்கு இவ்வரலாறு உதவும்.

வானிலைக்கு அஞ்சாது எடுத்த படங்கள் அறிவியலுக்கும் துணைபுரிந்துள்ளன. மின்னல் என்றவுடன் வளைந்து மடிந்த கூர்ங்கோணக் கோட்டையே ஓவியர் பலர் வரைந்துவந்தனர். 1882ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பவர் மின்னலைப் படமெடுத்தார். மின்னல் ஆற்றின் கிளைகள்போலப் பிரிந்து ஓடுவதை அப்படம் காட்டியது. அந்நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி ஓர் உழவர். அவர் 1885ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 19ஆம் வயதில், நுண்ணோக்கியையும் காமிராவையும் இணைத்துப் பனித்துகள் ஒன்றைப் படமெடுத்தார். அதன்பின் தம் வாழ்நாளில் 5,000க்கு மேற்பட்ட பனித்துகள்களை அவர் படமாக்கினார். பனி பெய்யும் நாளைப் பிறர் வெறுத்து வீட்டினுள் அடங்கியிருக்க, அவர் அந்நாளையே எதிர்நோக்கிக் காத்திருந்தார்.

ஆயினும் பென்ட்லியின் முடிவு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. 1931ஆம் ஆண்டு டிசம்பரில் பனிப்புயலினூடே நெடுந்தொலைவு நடந்து சென்றதனால் அவருக்கு நுரையீரல் அழற்சி உண்டாயிற்று. அதுவே அவர் உயிரைக் கொண்டது. வானிலையை அவ்வளவு நெருங்கி அறிந்தவர்க்கே அது நேர்ந்ததென்றால், அதன் தன்மை அறியாதார் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

எனவே படமெடுக்கப் புறப்படுவோர் கருத வேண்டியவை சில உள்ளன. மின்னல் தோன்றியது முதல் இடி கேட்பது வரை எண்ணுதல் வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுகின்றது என்பது பொருள். உடனே கட்டடத்தினுள் சென்றுவிடுதல் வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வருதல் கூடாது. தனித்து நிற்கும் தென்னையின் கீழும், திறந்த வயலிலும் அந்நேரத்தில் நிற்றல் உயிருக்குக் கேடு. அறுந்து விழுந்த மின்கம்பியை அணுகுதலும் ஆகாது.

நொய்யலின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். அடிவாரத்தில் ஒரு துளியும் விழாத பொழுதிலும் மலையில் பெய்த மழை திடீரெனப் பெருவெள்ளமாய் இறங்குவதுண்டு. ஆற்றின் நடுவிலுள்ள பாறைமேல் நின்று படமெடுப்பவனுக்கு அது வருவது தெரியாது. இந்த அச்சம் பற்றியே வெள்ளக்காலங்களில் கோவைக் குற்றாலத்துக்குச் செல்லும் வழியை வனத்துறையினர் அடைத்துவிடுகின்றனர். மலையடிவாரம் யானைகள் உலவும் இடமுமாகும். மழையொலியில் அவை வரும் அரவம் கேட்பதில்லை. பனியில் உருவமும் தெரிவதில்லை. ஆகலின் உரிய இசைவின்றிக் காட்டெல்லைக்குள் நுழைதல் தகாது. வெள்ளத்தில் தவிப்பார் ஒருவரைக் கண்டால் அக்காட்சியைப் படமாக்க முனைதல் பண்பன்று. பெரியோரைக் கூவி அழைத்து, கயிறோ கழியோ நீட்டி உதவுதலே கடன்.

உயிரைக் காத்தபின் கருவியைக் காத்தல் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் பையில் வில்லையின் அளவுக்குத் துளையிட்டு, ரப்பர் வளையத்தால் இறுக்கினால் அதுவே மழைச்சட்டையாகும். வில்லைக்கு முன் பொருத்தும் மறைப்பு, துளி தெறிப்பதைத் தடுக்கும். துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய துணி இரண்டேனும் வேண்டும். குளிர்ந்த மலைக்காற்றிலிருந்து வெப்பமும் ஈரமும் உள்ள அறைக்குள் வந்தால், குளிர்நீர்க் குவளையின்மேல் படிவதுபோல் வில்லையின்மேலும் நீர் படியும். மூடிய பையினுள் வைத்திருந்து, கருவி அறையின் வெப்பத்தை அடைந்த பின்னரே வெளியே எடுத்தல் வேண்டும். கருவி நனைந்துவிட்டால் உடனே அணைத்து, கழற்றக்கூடிய மின்கலத்தையும் நினைவட்டையையும் எடுத்துவிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் உலரவைத்தல் வேண்டும். அடுப்பின் சூட்டில் காட்டுதல் கூடாது. ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் வில்லையில் பூஞ்சை படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டியில் இடுதல் நலம்.

இத்துணை முயற்சியும் எதற்காக? நொய்யலின் நீர் வாய்க்கால்களின் வழியே சென்று கோயம்புத்தூர் வட்டாரத்துக் குளங்கள் பலவற்றை நிரப்புகின்றது. ஒரு மாணவன் ஆண்டுதோறும் மழைக்காலத்தில், கரையில் பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி ஒரு வாய்க்காலையோ குளத்தையோ படமெடுத்து, நாளும் குறித்து வைப்பானாயின், பத்தாண்டில் அத்தொகுதி ஓர் அரிய சான்றாகிவிடும். நீர் எவ்வளவு வந்தது, கரை எங்கே உடைந்தது, முன்பு நீர் ஓடிய இடத்தில் இப்பொழுது குப்பையோ கட்டடமோ நிற்கின்றதா என்பனவற்றை அது எடுத்துரைக்கும். கோடையில் எடுத்த படம் இவற்றைச் சொல்லமாட்டாது. நீர் வரும் நாளில்தான் நீர்வழியின் உண்மை வெளிப்படும்.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். மழையின் பெருமையைச் சொல்லால் காட்டிய நாட்டில், அதனை ஒளியால் காட்டுதலும் ஓர் அருந்தொண்டே. வானம் கறுக்கும்போது சோர்வுறாது, அதன் இயல்பை உணர்ந்து, தன்னையும் கருவியையும் காத்து, காத்திருந்து படமெடுப்பவன் தன் ஊரின் நிலத்தோடு பொழுதையும் பின்வருவோர்க்கு வைத்துச் செல்பவனாவான்.