கடல் கடந்த வகுப்புத் தோழர்

தோட்டப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பாடநூல் குறைவில்லை. கணினியும் இன்று ஓரளவு கிட்டியுள்ளது. குறைந்து போனது உடன் பயிலும் தோழர் கூட்டமே. 150 பேருக்குக் குறைவான மாணவரை உடைய பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. தோட்டத்துக் குடும்பங்கள் நகரங்களை நாடிப் பெயர்ந்த பின்னர், தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையில் அடங்கிவிட்டன. வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளே இருப்பின், முதலாம் ஆண்டில் கேட்ட அதே குரல்களையே அவர்கள் ஆறாம் ஆண்டு வரையில் கேட்கின்றனர். ஒருவன் சொல்லப்போகும் விடையை மற்றவன் முன்னரே அறிவான். அங்கே வினா எழுவதில்லை. வினா எழாத இடத்தில் மொழி வளர்வதும் இல்லை.

இக்குறையை நீக்கப் பிற நாட்டு மாணவரைக் கணினி வழியாக நம் வகுப்பறைக்கு அழைத்து வரலாம். ஆனால் கருவியை வாங்கி வைத்த அளவில் அது நிகழ்ந்துவிடாது. அது நிகழ்வதற்கு வேண்டுவன யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்னோர் கண்ட வழி

இம்முயற்சி புதியதன்று. பிரான்சின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர் செலஸ்தீன் பிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றமையால் நெடுநேரம் உரத்துப் பேச இயலாதவர். அவர் 1924 ஆம் ஆண்டில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குள் கொணர்ந்தார். மாணவர் தம் ஊரைப் பற்றித் தாமே எழுதித் தாமே அச்சிட்ட தாள்கள், நாட்டின் மறுகோடியில் இருந்த பிரெத்தாஞ் பகுதிப் பள்ளிக்கு அஞ்சலில் சென்றன; அங்கிருந்தும் தாள்கள் வந்தன. அக்காலத்து வகுப்பறைத் தொழில்நுட்பம் அதுவே.

நம் நாட்டிலும் 1950 களில் ‘தமிழ் முரசு’ நாளிதழின் மாணவர் மணிமன்றம், ஒருவரையொருவர் கண்டறியாத சிங்கப்பூர், மலாயா மாணவரை எழுத்தால் இணைத்தது. 1972 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலேசியக் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. அதனால் விளைந்த பயன் பெரிது. எனினும் அது ஒருவழிப் பாதை. மாணவன் பார்க்கலாம், கேட்கலாம். மறுமொழி கூற இயலாது. 1988 ஆம் ஆண்டில், பகை முற்றும் தணியாத அமெரிக்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே, நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோப் பள்ளிகளும் கணினி வழி இணைக்கப்பட்டன. ‘ஐயெர்ன்’ என்னும் பன்னாட்டுப் பள்ளி வலையமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டில் ‘ஈ-ட்வின்னிங்’ என்னும் பள்ளி இணைப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று.

தமிழில் இதனைச் செய்வதற்குத் தமிழ் எழுத்து கணினியில் ஏற வேண்டியிருந்தது. 1985 ஆம் ஆண்டு முதல் உருவான ‘முரசு அஞ்சல்’ அப்பணியில் முன்னோடி. அதனை ஆக்கிய முத்து நெடுமாறன், கேரித் தீவோடு தொடர்புடைய தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மைந்தர். ஆற்றுக்கு அக்கரையில் ஒதுங்கிக் கிடந்த தீவிலிருந்து இப்பணிக்கு ஒரு வேர் சென்றது என்பதை எங்கள் மாணவருக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

நான் கற்ற பாடம்

கேரித் தீவு லங்காட் ஆற்றால் பிரிந்து பாலத்தால் இணைந்த நிலம். கடல்நீர் புகாமல் காக்கும் மண்கரையும், செம்பனை வரிசைகளும், மாமேரி மக்களின் மரச்சிற்பங்களும் எங்கள் பிள்ளைகள் நாளும் காண்பவை. அவர்களை இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றோடு இணைத்தோம்.

முதற் சந்திப்பு தோல்வியில் முடிந்தது. வரவேற்புப் பாடல், மனப்பாடம் செய்த பேச்சு, நன்றியுரை என அனைத்தையும் நானே ஒழுங்கு செய்திருந்தேன். அவை முடிந்ததும் பேச்சு வற்றிவிட்டது. இரு புறத்துப் பிள்ளைகளும் கையசைத்துச் சிரித்தனர், அவ்வளவே. குற்றம் கருவியினுடையது அன்று, என்னுடையது. பிள்ளைகள் தாமாகப் பேசுவதற்கு நான் எதனையும் விட்டுவைக்கவில்லை.

அடுத்த முறை திரையைத் திறக்குமுன் மடல் எழுதச் செய்தோம். காலையில் வீட்டில் நடப்பது என்ன என்பதே தலைப்பு. தன் தாயார் விடியற்காலையில் பிரட்டுக்குப் போவதாக அங்கிருந்து ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அதனைப் படித்த எங்கள் மாணவன் ஒருவன், “ஐயா, எங்கள் தாத்தாவும் பெரட்டு என்றுதான் சொல்வார்!” என்று எழுந்து நின்றான். வேலைக்காரரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு வெள்ளைக்காரத் துரைமார் வழங்கிய ‘பரேட்’ என்னும் சொல்லே இரு நாட்டிலும் அவ்வாறு திரிந்தது.

அன்று மாலை பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரிடம் சொற்களைக் கேட்டு வந்தனர். அங்கே கொழுந்து, இங்கே குலை. அங்கே கணக்குப்பிள்ளை, இங்கே கிராணி. லயமும் கங்காணியும் இரண்டிடத்திலும் உண்டு. இந்த ஒற்றுமை எங்ஙனம் வந்தது என்னும் வினா தானாகவே எழுந்தது. ஒரே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்களே ஒரு சாரார் இலங்கைக்கும் மற்றொரு சாரார் மலாயாவுக்கும் சென்றனர் என்னும் வரலாற்றை, நான் கற்பிக்கு முன்பே மாணவர் பாதி கண்டுபிடித்துவிட்டனர்.

இரண்டாவது சந்திப்பில் அங்கிருந்து ஒரு மாணவன், “நீங்கள் இருக்கும் வீடு உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டான். எங்கள் வகுப்பு அமைதியாயிற்று. பேச்சை மாற்றிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. அதற்குள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “இல்லை. அப்பா வேலையை விட்டால் நாங்களும் வீட்டை விட வேண்டும்” என்றாள். மறுமுனையிலிருந்து, “எங்களுக்கும் அப்படித்தான்” என்று விடை வந்தது. அதுவரையில் அரைப்பக்கத்துக்கு மேல் எழுதியறியாத அம்மாணவி, மறுநாள் ‘எங்கள் வீடு’ என இரண்டு பக்கம் எழுதி வந்தாள். சொல்லுவதற்குப் பொருளும் கேட்பதற்கு ஆளும் வாய்த்தால் எழுத்து வளரும் என்பதை அன்று கண்டேன்.

செய்முறை

முதலாவது, கால வேறுபாட்டை நோக்குக. சிங்கப்பூரின் நேரம் நம்முடையதே. தமிழ்நாடும் இலங்கையும் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியவை. நம் காலை 10.30 அவர்களுக்கு 8.00. மொரீசியசு நான்கு மணி பின்தங்கியது. நாம் பள்ளி முடிக்கும் வேளையில் அங்கே காலை. இலண்டன் பருவத்திற்கேற்ப ஏழு அல்லது எட்டு மணி பின்தங்கியது. அங்குள்ள தமிழ் வகுப்புகளோடு நேரிற் பேசுவதைவிட மடலும் குரற்பதிவும் பரிமாறுதல் எளிது. தமிழகத்தில் பள்ளியாண்டு ஜூன் மாதம் தொடங்குவதையும், விடுமுறைகள் நம்முடையவற்றோடு ஒவ்வாமையையும் கருதித் திட்டமிடுக.

இரண்டாவது, சந்திப்புக்கு முன் இரண்டு முறையேனும் மடல் பரிமாறுக. நம் பிள்ளைகள் கேட்கும் வினாக்கள் அவர்களுடையனவாகவே இருக்கட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தலாம். கருத்தைத் திருத்த வேண்டா.

மூன்றாவது, சந்திப்பு அரைமணி நேரம் போதும். ஒரு கணினி, ஒரு பெரிய திரை, ஓர் ஒலிவாங்கி இருந்தால் போதுமானது. பல ஒலிவாங்கிகளைத் திறந்தால் எதிரொலி கலந்து ஒன்றும் விளங்காது. இணைய இணைப்பு தளர்ந்தால் படத்தை நிறுத்திக் குரலைக் காப்பாற்றுக. முகத்தைக் காணாவிடினும் உரையாடல் நடக்கும், குரல் அறுந்தால் நடவாது.

நான்காவது, கேட்டதை மறுநாளே எழுதச் செய்க. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கு திறனும் இதில் அடங்குவதால், பாடத்திட்டத்துக்குப் புறம்பான வேலை என்று இதனைத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

காவலும் வேண்டும்

பெற்றோரின் எழுத்து இசைவின்றி எந்தப் பிள்ளையையும் திரையில் நிறுத்தலாகாது. முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பரிமாற விடக்கூடாது. மடல்கள் ஆசிரியர் கணக்கின் வழியே போய் வருதல் வேண்டும். சந்திப்பு முழுவதும் இரு புறத்திலும் ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும்.

ஒரு கருவியையே நம்பியிருத்தலும் கூடாது. பல நாட்டு வகுப்பறைகளை இணைத்து வந்த ‘ஸ்கைப்’ 2025 ஆம் ஆண்டு மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. மடலும் வினாவும் கைவசம் உள்ள பள்ளி வேறொரு செயலிக்கு மாறித் தன் வேலையைத் தொடரும்.

தமிழ் என்பது வீட்டிலும் தேர்விலும் மட்டும் வழங்கும் மொழி என்று எண்ணி வளரும் பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் அதனை எளிதில் கைவிட்டுவிடுகிறது. கடலுக்கு அப்பால் தன் வயதுத் தோழன் ஒருவன் தமிழிலேயே காத்திருக்கிறான் என்று அறிந்த பிள்ளைக்கு அவ்வாறு விட மனம் வராது. எங்கள் மாணவி இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். ஆயினும் மலைநாட்டிலிருந்து மடல் வந்துள்ளதா என்று வினவ இன்றும் பள்ளிக்கு வருகிறாள். வரும் தவணையில் உங்கள் வகுப்பிலும் ஒரு மடல் எழுதத் தொடங்குங்கள். திரையைப் பிறகு திறக்கலாம்.