ஓசையில் நெருக்கம், பொருளில் தூரம்

ஆங்கிலத்தில் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் பல உண்டு. பள்ளித் தேர்வில் அவற்றை மாற்றி எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். வாழ்க்கையில் மாற்றிப் படித்தால் போவது பணமாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட சொற்கள் சிலவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். அதில் 'எம்ப்ளாயர்' என்றும் 'எம்ப்ளாயீ' என்றும் இரண்டு சொற்கள் இருக்கும். முன்பாதி ஒன்றே, கடைசி எழுத்துகள்தாம் வேறு. 'ஈ, ஆர்' என்று முடிந்தால் வேலை கொடுப்பவர்; மலாயில் மஜிக்கான். 'ஈ, ஈ' என்று முடிந்தால் வேலை பார்ப்பவர், அதாவது நாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மாதம் 2,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும், 60 வயதுக்கு உட்பட்ட மலேசியத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு. அதாவது 220 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அதாவது 260 ரிங்கிட். சம்பளத்தில் பிடிக்க வேண்டியது 220 மட்டுமே. முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. சேமநிதிக் கணக்கில் சேர வேண்டியதோ இரண்டும் கூடிய 480 ரிங்கிட். எந்தத் தொகை எந்தச் சொல்லுக்கு நேராக இருக்கிறது என்று தெரிந்தால்தானே கணக்குக் கேட்க முடியும்?

இந்த 'ஈ' பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலச் சட்ட மொழிக்கு வந்தது. பெரும்பாலும் செயலைச் செய்பவரை அல்ல, அதை ஏற்பவரைக் குறிக்கும். 'டிரெய்னர்' பயிற்சி கொடுப்பவர். 'டிரெய்னீ' பயிற்சி பெறுபவர். காசோலையில் 'பேயீ' என்றால் பணம் பெறுபவர். தமிழில் 'ஈ' என்றால் 'கொடு' என்று பொருள். ஆங்கிலத்திலோ 'ஈ' வாங்கிக்கொள்கிறது! இதை நினைவில் வைத்தால் சொல் மறக்காது.

அடுத்தது இன்னும் ஆபத்தானது. 'ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அப்படியானால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று நினைக்கத் தோன்றும். 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் தவறு அல்லவா? ஆனால் இங்கே அந்தக் கணக்குச் செல்லாது. இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள்தான். இலத்தீன் மொழியில் 'இன்' என்ற முன்னொட்டு இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது. 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் இருப்பது இரண்டாவது. தீப்பற்றாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று எழுதுவார்கள்.

ஆகவே, பீப்பாயிலோ மருந்துத் தெளிக்கும் டின்னிலோ 'இன்ஃப்ளேமபிள்' என்று கண்டால், பக்கத்தில் சுருட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். மலாயில் 'மூடா தெர்பாக்கார்' என்று எழுதியிருப்பதும், தீச்சுடர்ப் படம் போட்டிருப்பதும் இதே எச்சரிக்கைதான்.

இன்று இரவு வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து, சம்பளச் சீட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பாடமாகவும் இருக்கும். குடும்பத்துக்குக் காவலாகவும் இருக்கும்.