வீட்டுப் புகையும் ஊராட்சி மன்றத்தின் அதிகாரமும்

போகி நாளிலும் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் விடுமுறை நாள்களிலும் நம் குடியிருப்புகளில் புகை எழக் காண்கிறோம். வெட்டிய கிளை, பழைய பலகை, உலர்ந்த சருகு ஆகியவற்றுக்குத் தீ வைப்பவருக்கு அது சிறு வேலை. அடுத்த வீட்டில் மூச்சிரைப்புடன் இருக்கும் குழந்தைக்கோ அது பெருந்துன்பம். விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீட்டரினும் சிறிய துகள்கள் மிகுதி. அவை நுரையீரலின் ஆழம் வரை செல்லும். அவற்றின் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது.

இப்புகையைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு?

இலண்டனில் 1952 டிசம்பரில் சூழ்ந்த நச்சுப்புகையின் விளைவாகப் பிறந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்கே வழங்கியது. நம் நாட்டின் அமைப்பு வேறு. இங்குத் திறந்தவெளி எரிப்பைத் தடுப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு. புகைபோக்கியின் வழியாக வெளியேறாமல் வெட்டவெளியில் எரிவதும் கனன்று புகைவதும் அதில் அடங்கும். தீ வைத்தவர் யாரெனத் தெரியாவிடினும், நிலத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் பொறுப்பேற்க நேரும். 5 இலட்சம் ரிங்கிட்டாக இருந்த தண்டத்தின் உச்சவரம்பு, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேலும் உயர்ந்தது. சமயச் சடங்கு, ஈமத்தீ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இச்சட்டத்தைச் செயற்படுத்துவது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை.

அவ்வாறாயின் ஊராட்சி மன்றத்துக்கு வேலை இல்லையா? உண்டு. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, பொதுத்தொல்லையை அகற்றுமாறு மன்றம் அறிவிக்கை அனுப்பலாம்; துணைச்சட்டமும் இயற்றலாம். ஆயினும் துணைச்சட்ட மீறலுக்கு விதிக்கத்தக்க தண்டம் 2,000 ரிங்கிட்டைத் தாண்டாது.

மன்றத்தின் மெய்யான வலிமை குப்பை அகற்றலில் உள்ளது. கிள்ளானில் அப்பொறுப்பு இன்றும் ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தது. ஏனெனில் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைச் சிலாங்கூர் ஏற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடங்கிய கோலாலம்பூரில் அச்சட்டம் நடப்பில் உள்ளதால், பொறுப்பு கூட்டரசைச் சேர்ந்தது.

2005 ஆகஸ்டு 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்தில் புகைமூட்டத்தால் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகை பெரும்பாலும் சுமத்திராவிலிருந்து வந்தது. அதைத் தடுக்க நம் மன்றங்களால் இயலவில்லை. நம் முற்றத்துப் புகையோ நம் கைக்குள் அடங்குவது.

தண்டம் அச்சுறுத்தலாம், வெட்டிய கிளையை அதனால் அகற்ற இயலாது. அதை அகற்றுவது உரிய நாளில் வரும் குப்பை வண்டி. ஆகவே மாணவர்கள் தத்தம் வட்டாரத்தில் தோட்டக்கழிவை யார், எந்நாளில் எடுக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். வண்டி வராவிடின் பொறுப்பாளருக்கு எழுத வேண்டும். வந்தும் தீ வைப்போர் உளராயின் சுற்றுச்சூழல் துறைக்கு முறையிட வேண்டும். யாரிடம் கேட்பது என அறிவதே குடிமைக் கல்வியின் முதற்பாடம்.