ஊரைச் சுற்றிக் காட்ட இரண்டு மணி நேரம்

“உங்களுக்கு எந்த ஊர்?” என்று யாராவது கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. நான் பிறந்தது 1970 இல், நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிப் போனார். கிளிநொச்சிப் பக்கத்தில் காடு வெட்டி, கிணறு தோண்டி, குடிசை போட்டு வளர்ந்தோம். அங்கேதான் எனக்குக் கலியாணம் நடந்தது. 2009 மே மாதம் கணவரை இழந்தேன். செட்டிகுளம் முகாமை விட்டு வெளியே வந்தபோது என்னோடு இருந்தவை இரண்டு பிள்ளைகளும் ஒரு துணிப்பையும்தான். 2011 இல் பெரியம்மாவின் லயத்துக்கே திரும்பி வந்தேன்.

இன்று நான் நுவரெலியா நகரத்தை மற்றவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். ஊர் எதுவென்று சொல்லத் தெரியாதவள் ஊரைக் காட்டுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்தச் சிறு தொழிலை நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து எப்படித் திட்டமிட்டோம், எங்கே தவறினோம், எங்கே திருந்தினோம் என்பதைச் சொன்னால் உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எப்படித் தோன்றியது?

நான் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வேலை செய்தேன். கொழும்பிலிருந்து வரும் குடும்பங்கள் காலைச் சாப்பாட்டின்போது ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கிறது, பக்கத்தில் என்ன பார்க்கலாம்?” விடுதிக்காரர் கிறகரி வாவியைக் காட்டுவார். அவர்கள் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, “வேறு ஒன்றும் இல்லையா?” என்பார்கள். கம்பனிகளின் ஊழியர் சுற்றுலாவும் அப்படித்தான். முப்பது பேர் பஸ்ஸில் வந்து, படம் பிடித்து, கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மலையகத்தில் நடந்து பார்க்க வழியில்லாமல் இல்லை. கண்டிப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ நடைபாதை இருக்கிறது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கும் மேல். அது முதுகில் பை சுமந்து நாட்கணக்காக நடப்பவர்களுக்கு உரியது. பாட்டியும் பேரனுமாக வருகிற குடும்பத்துக்கோ, சப்பாத்துப் போட்ட அலுவலக ஊழியருக்கோ இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அந்த இரண்டு மணி நேரத்தை நாம் கொடுத்தால் என்ன என்று யோசித்தோம்.

சென்னையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஓகஸ்ட் 22 ஆம் திகதியை ‘மெட்ராஸ் தினம்’ என்று 2004 இலிருந்து கொண்டாடுகிறார்கள். அதையொட்டி ஒவ்வொரு தெருவின் வரலாற்றையும் நடந்தபடியே சொல்லுகிறார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் எஸ். முத்தையா. அவர் நம் நாட்டோடு தொடர்புள்ளவர் என்பது பலருக்குத் தெரியாது. 1968 வரை கொழும்பில் ‘டைம்ஸ் ஒஃப் சிலோன்’ பத்திரிகையில் பணியாற்றி, பிறகு சென்னை போனவர். இந்திய வம்சாவளி இலங்கையரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் எழுதினார். இங்கிருந்து போன ஒருவர் அந்த ஊருக்கு அதன் கதையைச் சொன்னார் என்று படித்தபோது எனக்கும் தைரியம் வந்தது.

முதல் ஒத்திகை

பள்ளிக்கூடப் புத்தகம், நூலகம், வயதானவர்களின் பேச்சு என்று மூன்று மாதம் தகவல் சேர்த்தோம். பதினொரு இடங்களைக் குறித்தோம். முதலில் எங்கள் லயத்து ஆட்களையே கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம்.

அது பெரிய தோல்வி. இரண்டு மணி நேரம் என்று சொன்னது மூன்றரை மணி நேரம் ஆனது. பெரியம்மா பாதி வழியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கு மலசலகூடம் தேவைப்பட்டது; அது எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. குதிரைப்பந்தயத் திடலருகே மழை பிடித்துக்கொண்டது, ஐந்து குடைதான் இருந்தன. நான் ஒவ்வொரு இடத்திலும் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் என் மகள் கேட்டாள், “அம்மா, சோதனைக்குப் படிக்கிற மாதிரி ஏன் சொல்றீங்க?”

அன்றிரவே திட்டத்தை மாற்றினோம். பதினொன்று ஆறாகக் குறைந்தது. மொத்தத் தூரம் மூன்று கிலோமீற்றருக்கும் குறைவு. நடக்க 45 நிமிடம். ஐந்து இடங்களில் பத்துப் பத்து நிமிடம். கடைசி இடத்தில் தேநீரோடு 25 நிமிடம். கூட்டினால் சரியாக இரண்டு மணி நேரம். எங்கே உட்காரலாம், எங்கே மலசலகூடம், எங்கே மழைக்கு ஒதுங்கலாம் என்று தனியாக ஒரு தாளில் எழுதினோம். அந்தத் தாள்தான் எங்கள் வேலையின் உயிர்.

எங்கள் பாதை

காலை எட்டரைக்குச் சந்தையில் தொடங்குகிறோம். 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே பண்ணை அமைத்து ஐரோப்பியக் காய்கறி பயிரிட்டார் என்பதை, கரட் கட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே சொல்வோம். பிள்ளைகளுக்கு அப்போதுதான் காது திறக்கும்.

இரண்டாவது, 1894 இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர். எல்லாரும் அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் படம் பிடிப்பார்கள். நாங்கள் அங்கே கட்டடத்தைப் பற்றி ஒரு நிமிடமும் கடிதங்களைப் பற்றி ஒன்பது நிமிடமும் பேசுவோம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தருவது என்று இரண்டு அரசுகளும் எண்ணிக்கை பேசின. அக்கா இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போகும் இரயிலைத் தோட்டத்து மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு உறவு என்பது கடிதம்தான்.

மூன்றாவது, கிராண்ட் ஹோட்டல் வீதி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகையே அந்த ஹோட்டலின் தொடக்கம். பக்கத்தில் 1876 இல் துரைமாருக்காகத் தொடங்கிய ஹில் கிளப். வெளியே நின்றே பார்ப்போம். நான்காவது விக்டோரியா பூங்கா. இராணியின் வைரவிழாவுக்காக 1897 இல் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் காஷ்மீரிலிருந்து ஒரு சின்ன ஈபிடிப்பான் குருவி இங்கே வரும். அது வந்து, தங்கி, திரும்பவும் போகும் என்று சொன்னால் பிள்ளைகள் மரம் மரமாகத் தேடுவார்கள். ஐந்தாவது, குதிரைப்பந்தயத் திடலின் ஓரம். கடைசியாக, ஆளுநர் கிறகரி 1873 இல் அமைத்த வாவி.

தேயிலைக் கதையை வாவிக்கரையில், கையில் தேநீர்க் கோப்பை இருக்கும்போதுதான் சொல்வோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பிச் செடியை நோய் அழித்ததும் மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். அந்த நடையின் நினைவாக, 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 1984 வரை ஆணை விடக் குறைந்த நாட்சம்பளம்தான் கிடைத்தது. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. இதைச் சொல்லும்போது வந்தவர்கள் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள்.

எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது?

சகோதரிகளே, எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது இதுதான்.

ஒரு கம்பனியின் அதிகாரி முதலில் தொலைபேசியில், “சோகமான விசயம் வேண்டாம், எங்கள் ஆட்கள் சந்தோசமாக இருக்க வருகிறார்கள்” என்றார். தபாற்கந்தோர்க் கதையை விடச் சொன்னார். பேச்சுவாக்கில் நான் வன்னியில் இருந்தவள் என்று தெரிந்ததும், “அப்படியென்றால் யுத்தத்தில் நீங்கள் பட்டதைக் கடைசியில் ஒரு பத்து நிமிடம் சொல்லுங்களேன், வித்தியாசமாக இருக்கும்” என்றார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்துநான்கு பேர் என்றால் எங்களுக்கு அது பெரிய தொகை. பெரியம்மா, “கேட்டால் சொல்லிவிட்டுப் போயேன்” என்றார். மகள்தான் ஒரே பேச்சில் முடித்தாள்: “அம்மா, தபாற்கந்தோரைக் காட்டுங்க. உங்களைக் காட்ட வேண்டாம்.”

மறுநாள் அந்த அதிகாரியிடம் இரண்டையும் சொன்னேன். கடிதக் கதை இந்த ஊரின் கதை, அது இருக்கும். என் கதை என்னுடையது, அது நடையில் சேராது. அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்துச் சம்மதித்தார்.

அவர்கள் வந்த அன்று, தபாற்கந்தோர் முன்னால் நான் ஒப்பாரிக் கோச்சியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அவர்களுடைய வான் சாரதி, “எங்கட அம்மாச்சி அந்தக் கோச்சியிலதான் போனாங்க, பிறகு பார்க்கவே இல்ல” என்றார். அவரோடு ஐந்து வருடம் வேலை செய்தவர்களுக்கே அது அன்றுதான் தெரிந்தது. அதிகாரி ஒன்றும் பேசவில்லை. தேநீரின்போது அந்தச் சாரதியைத் தன் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்தார். அதன் பிறகு அந்தக் கதையை விடச் சொல்லி அங்கிருந்து யாரும் கேட்டதில்லை.

சட்டமும் கணக்கும்

காசு வாங்கி ஊர் காட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை பிரித்து அதை வழங்குகிறது. பயிற்சி பெற்றுத்தான் எடுக்கலாம். எங்களிடம் அது இல்லாதபோது அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவரோடு சேர்ந்து நடந்து பழகினோம். இதில் குறுக்குவழி வேண்டாம்.

கணக்கைத் திறந்தே சொல்கிறேன். பெரியவருக்கு 1,500 ரூபாய், பூங்கா நுழைவுச்சீட்டு புறம்பு. 20 பேர் வந்தால் 30,000. வழிகாட்டிக்கு 6,000, எங்களில் இருவருக்குத் தலா 3,000, தேநீரும் வடையும் ஒருவருக்கு 350 வீதம் 7,000, தொலைபேசி, முதலுதவிப் பெட்டி போன்றவற்றுக்கு 1,500. மொத்தச் செலவு 20,500. மீதி 9,500 பொதுப் பெட்டிக்கு. எட்டுப் பேர் மட்டும் வந்தால் வரவு 12,000. எங்களில் ஒருவர் மட்டும் போனாலும் வழிகாட்டி, தேநீர் சேர்த்து, தொலைபேசி போன்ற சில்லறைச் செலவு இல்லாமலே 11,800 செலவு. மிஞ்சுவது 200 ரூபாய். ஆகவே எட்டுக்குக் குறைந்தால் இரண்டு மூன்று குடும்பங்களைச் சனிக்கிழமையில் ஒன்று சேர்க்கிறோம். இருபதுக்குக் கூடினால் இரண்டு குழுவாகப் பிரித்து, கால் மணி நேர இடைவெளியில் அனுப்புகிறோம். கம்பனி என்றால் பாதித் தொகையை முன்கூட்டியே வாங்குகிறோம். வாகனம் வாவிக்கரையில் காத்திருக்கும். திரும்பி நடக்கத் தேவையில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை எப்படிச் சிதைத்தது என்று நீங்கள் அறிவீர்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் நடை கிடையாது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுப்போம். இதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் ஊரிலும் முடியும்

மன்னாரில் கோட்டையும் பெருக்கமரமும் இருக்கின்றன. மட்டக்களப்பில் கல்லடிப் பாலமும் வாவியும். யாழ்ப்பாணத்தில் 1981 இல் எரிந்து மீண்டும் எழுந்த நூலகம். இவற்றைப் புத்தகத்தில் படித்துச் சொல்பவர் பலர். அங்கே தண்ணீர் அள்ளி, சந்தைக்குப் போய், பிள்ளையைப் பாடசாலைக்கு விட்டு வாழ்ந்தவர் நீங்கள். தொடங்குவதற்கு முதல் தேவை இரண்டு மணி நேரம் சேர்ந்து நடக்க இன்னும் இரண்டு பெண்கள். முதலில் உங்கள் உறவுகளையே கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். யார் எங்கே களைத்து உட்காருகிறார்கள் என்று குறியுங்கள். உங்கள் துயரத்தைக் காசுக்குச் சொல்லச் சொல்லி யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சொல்ல விரும்பினால் அதுவும் உங்கள் முடிவுதான்.

அடுத்து ஹட்டனில் ஒரு பாதை போடப் பார்க்கிறோம். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும், மேடை மேடையாகப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பிய அவர் மனைவி மீனாட்சி அம்மாளும் உழைத்த நகரம் அது. மகள் தகவல் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆண்டுகளை எல்லாம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை ஒரு சின்னப் பிள்ளை வாவிக்கரையில் என் கையைப் பிடித்து, “அன்ரி, இது உங்கட ஊரா?” என்று கேட்டாள். “ஓம்” என்றேன்.