கண்ணுக்குக் கீழே ஆறாத புண்ணா? உதட்டைத் தூக்கிப் பாருங்கள்!

உங்கள் வீட்டு டாமிக்கு முகத்தில் ஒரு சின்னப் புண். தெரு நாயோடு சண்டை போட்டிருக்கும், இல்லை செடியில் முள் கிழித்திருக்கும் என்று நினைத்து ஒரு களிம்பைத் தடவுகிறீர்கள். நாலு நாளில் காய்ந்துவிடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி அதே இடத்தில் ஈரம், சீழ், நாற்றம்!

அவ்வளவுதான், வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் ஆரம்பமாகிவிடும். பாட்டி மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுவார். மாடி வீட்டு மாமா தன் காலில் வந்த அரிப்புக்கு வாங்கிய ட்யூபில் மிச்சம் இருப்பதைக் கொண்டு வந்து கொடுப்பார். லஸ் கார்னரிலோ பனகல் பார்க் பக்கமோ மருந்துக் கடையில் விசாரித்தால் இன்னொரு ட்யூப் கிடைக்கும். ஒரு மாசம் ஓடிவிடும். புண் மட்டும் போகாது. "வயசாயிடுச்சு, அதான் ஆறலை" என்று யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். பத்து வருஷமாகக் கூடத்தில் படுத்திருந்த நாயை நாற்றம் தாங்காமல் பால்கனிக்கு அனுப்பிவிடுவீர்கள்.

ஒரு நிமிஷம் பொறுங்கள். நாயின் முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். உடம்பின் மற்ற பாகங்களைவிட முகத்தில் ஏற்படும் காயம் சீக்கிரம் ஆற வேண்டும். சாதாரணச் சிராய்ப்பென்றால் 10 முதல் 14 நாளில் மூடிக்கொள்ள வேண்டும். அப்படி மூடவில்லை, அல்லது மூடி மூடித் திறக்கிறது என்றால் கோளாறு மேலே தெரிகிற தோலில் இல்லை, அடியில் எங்கேயோ இருக்கிறது. மருந்தை மாற்றி மாற்றிப் பூசுவதை விட்டுவிட்டு அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

புண் இருக்கும் இடத்தை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். அதுவும் கண்ணுக்குச் சரியாக ஒரு விரல், இரண்டு விரல் கீழே, ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது... பல்லை!

பல்லுக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்?

வளர்ந்த நாய்க்கு மொத்தம் 42 பற்கள். அதில் மேல் தாடையில், கடைவாய்ப் பக்கம், மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரு பல் இருக்கும். கறியையும் எலும்பையும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டுவது இதன் வேலை. இந்தப் பல்லுக்கு மூணு வேர். வேர்களின் நுனி மேல் தாடை எலும்புக்குள் ஏறி, கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேர் கீழே போய் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும் வீடுகளில் நாய்க்கு நல்ல கெட்டி எலும்பாகப் பார்த்துப் போடுவோம். அது சந்தோஷமாகக் கடிக்கும். ஒருநாள் 'டக்'கென்று பல்லின் வெளிப்பக்கம் ஓடு மாதிரிப் பெயர்ந்துவிடும். சைவ வீட்டு நாய்க்கும் இது வரும். கல்லைக் கவ்வும் பழக்கம், கேட் கம்பியைக் கடிக்கும் பழக்கம், செல்லப் பிராணிக் கடையில் வாங்கிய காய்ந்த குளம்பு இவையெல்லாம் போதும். பல் பெயர்ந்த இடத்தின் வழியாகக் கிருமி உள்ளே இறங்கி, வேர் நுனியில் சீழ் கட்டும். அந்தச் சீழ் வெளியே வர வழி தேடி, மெல்லிய எலும்பை அரித்துக்கொண்டு கன்னத்துத் தோலைத் துளைத்து வரும். நீங்கள் பார்க்கிற புண், உண்மையில் புண்ணே இல்லை. சீழ் வெளியேறுகிற குழாயின் வாய்!

இப்போது புரிகிறதா, ஏன் களிம்பு வேலை செய்யவில்லை என்று? ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் சீழ் குறையும், வாய் மூடும். மாத்திரை முடிந்து ஓரிரு வாரத்தில், சில சமயம் ஓரிரு மாசத்தில், மறுபடி திறக்கும். கெட்டுப்போன வேர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறதே!

"எங்க டாமி நல்லா சாப்பிடறானே, பல்வலின்னா சாப்பிடுமா?" என்று கேட்பீர்கள். சாப்பிடும். வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது நாயின் சுபாவம். அடுத்த பக்கத்துப் பல்லால் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும். ஆனால் கவனித்துப் பார்த்தால் சில அடையாளங்கள் தெரியும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடிக்கும். பிஸ்கெட் வாயிலிருந்து நழுவும். அந்தக் கன்னத்தைத் தடவினால் விலகிக்கொள்ளும். ஒரு பக்கப் பற்களில் மட்டும் காரை அதிகமாகப் படிந்திருக்கும், அந்தப் பக்கம் கடிக்காததால். வாய் நாற்றம் வேறு.

பார்ப்பதற்கு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில், வாயை மூடிய நிலையிலேயே, உதட்டின் ஓரத்தை மெல்ல மேலே தூக்கினால் அந்தப் பெரிய பல் தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உறுமினால் அத்தோடு விட்டுவிடுங்கள். வலிக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே பல் நன்றாகத் தெரிந்தாலும் வேர் கெட்டிருக்கலாம் என்பதால், டாக்டரின் எக்ஸ்ரேதான் முடிவு சொல்லும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, குழந்தைகள் உள்ள வீடுகளில் கட்டாயம் படிக்க வேண்டியது. நாய் திடீரென்று எச்சில் வடிக்கிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறியிருக்கிறது, தாடை தொங்குகிறது, குணமே வேறு மாதிரி இருக்கிறது என்றால் 'எலும்பு மாட்டிக்கொண்டிருக்கும்' என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயின் ஆரம்பமும் இப்படித்தான் இருக்கும். தனியாக அடைத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். முகத்துப் புண் வேறு நாய் கடித்ததால் வந்தது என்று தெரிந்தால், கையுறை போட்டுக்கொண்டு குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவி, தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் உடனே டாக்டரிடம் போய் மறுபடி போட வேண்டும். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து நாயின் எச்சில் பட்டிருந்தால் உங்களுக்கும் அதே கழுவல், அதே அவசரம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே.

பல் இல்லை என்றால்?

மூக்கின் மேலோ, உதட்டோரத்திலோ காலிஃபிளவர் மாதிரிச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் கசிகிறதா? மூக்கிலிருந்து ஒரு பக்கமாக ரத்தம் சொட்டுகிறதா? நம் ஊரில் இதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. நாய்க்கு நாய் தொற்றுகிற ஒரு கட்டி. கிருமியால் வருவதல்ல, புற்றுநோய் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும்! ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் இன்றுவரை உலகம் பூராவும் தாவிக்கொண்டிருக்கின்றன என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. 1876-லேயே நோவின்ஸ்கி என்கிற ரஷ்ய கால்நடை மருத்துவர் இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டியிருக்கிறார். பெரும்பாலும் இனச்சேர்க்கையில் பரவும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும் வரும். பெசன்ட் நகர் பீச்சில் அவிழ்த்துவிட்டால் உங்கள் நாய் முதலில் செய்வது முகர்வதுதானே!

புற்றுநோய் என்றதும் கையைப் பிசைய வேண்டாம். இந்தக் கட்டி பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். வின்கிறிஸ்டின் என்கிற ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் கரைந்துவிடும். அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டுத் தொட்டியில் பூக்கிற நித்யகல்யாணிச் செடியிலிருந்து! உடனே இலையைப் பறித்து அரைத்துவிடாதீர்கள், செடி விஷம். சுத்திகரித்து அளந்த மருந்தைக்கூட டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் நரம்பில் ஏற்றுவார்.

வேறு வகைக் கட்டிகளும் உண்டு, அவை இவ்வளவு சுலபமானவை அல்ல. அதனால்தான் ஆறாத எந்தப் புண்ணிலும் கண்ணாடித் தகட்டை ஒற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. எனக்குத் தெரிந்து இந்த ஒரு பயம் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுத்ததில்லை.

கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி முடி கொட்டிப் புண்ணானால் பெரும்பாலும் சொறிப் பூச்சி. தோலைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், இப்போது மாத்திரையிலேயே தீர்கிறது. மூக்கு நுனியின் கறுப்பு நிறம் வெளுத்து, வெயில் காலத்தில் வெடித்து அதிகமானால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்குகிற வகையாக இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத் தட்டுகள் குறைந்து, புண்ணில் ரத்தம் நிற்காமல் கசியும். சர்க்கரை வியாதி நாய்க்கும் உண்டு.

மழை மாசங்களில் இன்னொரு தொல்லை. ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். நேற்று மிளகளவு இருந்த துளை இரண்டு நாளில் விரல் நுழைகிற பொந்தாகிவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் அதை ஊற்றினால் கண்ணே போய்விடும். புழுவைக் கண்டால் அன்றைக்கே டாக்டர். உங்கள் தெருவில் உள்ள நாய்க்கு அப்படி என்றால் கிண்டி - வேளச்சேரி பக்கம் இருக்கிற, 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸுக்குத் தகவல் சொல்லலாம்.

மஞ்சளும் ட்யூபும்

மஞ்சளை நான் பழிக்கவில்லை. மேலோட்டமான சிராய்ப்பில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அப்பிய மஞ்சள் காய்ந்து மூடி போட்டுவிடும், அடியில் சீழ் கட்டுவது தெரியாது. டாக்டர் பார்க்கும்போதும் நிறம் தெரியாது. மாடி வீட்டு மாமாவின் ட்யூப்தான் உண்மையான வில்லன். நம் கடைகளில் அரிப்புக்கு விற்கிற பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும், பூஞ்சைக்கும் சொறிப் பூச்சிக்கும் விருந்து வைக்கும். வலிக்கிறதே என்று பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக், புரூஃபென் இவற்றை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ஈரல் கெடுதல் என்று நாயின் உயிருக்கே உலை வைக்கும்.

டாக்டரிடம் போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சுத்தமான துணியில் நனைத்து, தினம் இரண்டு வேளை ஒற்றித் துடையுங்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும், தினமும் ஊற்றினால் புதிதாக வளர்கிற சதையையும் பொசுக்கிவிடும். நாய் முன்னங்காலால் கீறாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு வடிவப் பட்டை மாட்ட வேண்டும். கடையில் கிடைக்காத அவசரத்துக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டி, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி மாட்டலாம். முதல் நாள் சுவரில் முட்டிக்கொள்ளும், பிறகு பழகிவிடும்.

புண்ணைச் சில நாளைக்கு ஒரு முறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை மூடித் திறந்தது, எந்தெந்த மருந்து போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போட்ட ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள், வெட்கப்பட வேண்டாம். பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் வேப்பேரி இருக்கவே இருக்கிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரிக்குக் குடிபெயர்ந்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. மயிலாப்பூரிலிருந்தோ அடையாறிலிருந்தோ காலையிலேயே கிளம்பிவிடுங்கள், கூட்டம் இருக்கும். ஆட்டோ பேசும்போதே நாய் வருகிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

பல்தான் காரணம் என்று தெரிந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பல்லை மூணு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் தனியாக எடுப்பார்கள். நுனி ஒடிந்து உள்ளே தங்கினால் பழைய கதைதான் என்பதால் எடுத்தபின் இன்னொரு எக்ஸ்ரே கேளுங்கள். "பன்னெண்டு வயசு, மயக்கம் தாங்குமா?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. முன்கூட்டியே ரத்தம், இதயம், சிறுநீரகம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மாசக்கணக்கில் சீழையும் வலியையும் சுமப்பதும் கிழ உடம்புக்கு ஆபத்துதானே? வயதை மட்டும் காரணம் காட்டி மறுத்துவிடாதீர்கள்.

முகத்துப் புண்ணுக்குத் தையல் பெரும்பாலும் தேவைப்படாது. வேர் போனதும் ஓரிரு வாரத்தில் அதுவாக மூடிக்கொள்ளும். அதுவரை குழைந்த தயிர் சாதம், மசித்த முட்டை, ஊறவைத்த நாய்த் தீனி. வெந்நீர் வேண்டாம், ஆறியதாகக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் கன்னம் ஈரமாக இருந்தால் மறுபடி காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை எலும்பைக் கேட்டு அது எவ்வளவு வாலாட்டினாலும், கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் போடாதீர்கள்.