மருந்துக்கு வழி தெரியும்; குடிசைக்கு?

நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாளியின் சிறுநீரகத்தைப் பதம் பார்த்தால் என்ன செய்வது? ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்தின் கதை நெடுங்காலம் இதுதான்.

பீகாரின் மண்குடிசைகளில் மணல் ஈ கடித்துப் பரவுவது காலா அசார் எனும் கருங்காய்ச்சல். மண்ணீரல் வீங்கும், இரத்தம் வற்றும், மருத்துவம் இல்லையேல் சாவு ஏறத்தாழ உறுதி. கிருமி பதுங்கும் இடம் எது தெரியுமா, தோழர்களே? வந்த கிருமியை விழுங்கி நம்மைக் காக்க வேண்டிய காவல் அணுக்களின் வயிறு! அதைக் கொல்ல ஆம்போடெரிசினை ஒருநாள் விட்டு ஒருநாள் 15 முறை நரம்பில் ஏற்றினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசம். அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு மாதக் கூலி போனால் அடுப்பு எரியுமா?

விஞ்ஞானம் விடை கண்டது. 1960களில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில், அலெக் பாங்கம் என்ற அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். முட்டை மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால், அது தானே நுண்ணிய பைகளாக மூடிக்கொள்கிறது. அதுதான் லிப்போசோம். இன்று மருந்தேற்றும் பை, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறைவிடச் சிறியது!

அந்தப் பையில் ஆம்போடெரிசினை வைத்து அனுப்பினால் சிறுநீரகம் படும் பாடு குறைகிறது. இரத்தத்தில் மிதந்துவரும் பையை அந்நியப் பொருள் என்று காவல் அணு விழுங்குகிறது. கிருமி பதுங்கிய வீட்டுக்குள்ளேயே மருந்து போய் இறங்குகிறது! 2010இல் வெளியான பீகார் ஆய்வில், ஒரே ஒரு முறை ஏற்றியவர்களில் ஆறு மாதம் கழித்தும் 100க்கு 95 பேருக்குமேல் குணம். 15 முறை ஏற்றியவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான்.

ஆனால் விலை? 2011இல் கிலியட் என்ற அமெரிக்கக் கம்பெனி, உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக 4,45,000 குப்பிகளை இலவசமாகத் தர உடன்பட்டது. நன்றி சொல்வோம். ஆனால் நாம் கேட்கிறோம்: ஏழையின் உயிர் பிறர் கொடையில் தொங்குவதா?

2021இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, இதே மருந்துக்காகக் குடும்பங்கள் கடை கடையாய் அலைந்ததை மறந்தோமா? அப்போதுதான் அவசர அவசரமாக மேலும் ஐந்து கம்பெனிகளுக்கு அனுமதி தந்தார்கள். வீடு பற்றியபின் கிணறு வெட்டுவது நிர்வாகமா?

பாப்ரஹாம் மக்கள் வரிப்பணத்தில் நடந்த நிலையம். மக்கள் பணத்தில் பிறந்த அறிவின் பலன் மக்களுக்கு எட்ட வேண்டாமா? அரசு ஆலைகளில் இதைச் செய்யுங்கள்; மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இருப்பு வையுங்கள். உடலுக்குள் போக வேண்டிய வழியை மருந்து கண்டுவிட்டது. குடிசைக்கு வழி காட்ட வேண்டியது ஆட்சி!